ஹீட்டர் சொல்லும் எச்சரிக்கை: வாகனம் வைத்திருக்கும் வியாபாரிகளின் கவனத்திற்கு

எழுவைதீவுக்குப் பாலம் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணை, அல்லைப்பிட்டி, வேலணை வழியாக ஊர்காவற்றுறை வரை வானிலோ சிறிய லொறியிலோ சரக்கைக் கொண்டுபோய், அங்கிருந்து படகில் ஏற்ற வேண்டும். வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய படகுகளைக் கவனித்தவர்களுக்கு ஒரு விடயம் தெரியும். இயந்திரம் ஓடும்போது அதன் பக்கத்திலிருந்து சிறு தண்ணீர்த் தாரை ஒன்று பீச்சியடித்துக்கொண்டே இருக்கும். கடல்நீரை இழுத்து இயந்திரத்தைக் குளிர்விக்கும் பம்ப் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். தாரை நின்றால், அனுபவமுள்ள படகோட்டி இயந்திரத்தையும் நிறுத்திவிடுவார்.

கரையில் நிற்கும் நமது வாகனத்திலும் இப்படி ஓர் அடையாளம் உண்டு. அதுதான் ஹீட்டர். யாழ்ப்பாண வெயிலில் ஹீட்டர் எதற்கு என்று கேட்கலாம். ஜப்பானிலிருந்து வந்த வான்களிலும் கார்களிலும் அது இருக்கிறது. நாம் அதைப் பாவிப்பதில்லை. ஆகவே பழுதானாலும் தெரிவதில்லை. ஆனால் ஹீட்டரில் தெரியும் பல கோளாறுகள் என்ஜினின் கோளாறுகளே.

ஹீட்டர் எப்படி வேலை செய்கிறது?

ஹீட்டருக்கென்று தனி நெருப்போ மின்னடுப்போ சாதாரண வாகனங்களில் இல்லை. என்ஜினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் அதே சூடான தண்ணீரின் ஒரு பகுதி, இரண்டு ரப்பர் குழாய்கள் வழியாக டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள ஒரு சிறு ரேடியேட்டருக்குச் சென்று திரும்புகிறது. அதன் ஊடாகக் காற்றாடி காற்றை ஊதினால் உள்ளே வெப்பம் வரும். எனவே என்ஜினில் தண்ணீர் குறைந்தாலும், பம்ப் பலவீனமானாலும், குழாய் அடைத்தாலும் அதை ஹீட்டர் காட்டிக் கொடுத்துவிடும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

1. என்ஜின் சூடாகிவிட்டது, ஆனால் ஹீட்டரில் குளிர்ந்த காற்றே வருகிறது. தண்ணீர் குறைந்திருக்கலாம், காற்று அடைத்திருக்கலாம், அல்லது ஹீட்டர் வால்வு இறுகியிருக்கலாம். வெப்பமானியின் முள்ளும் மேலே ஏறினால் ஓட்டத்தை உடனே நிறுத்துங்கள்.

2. ஓடும்போது சூடான காற்று, நிறுத்தி வைத்திருக்கும்போது குளிர்ந்த காற்று. தண்ணீர் குறைவு அல்லது தண்ணீர்ப் பம்பின் பலவீனம் இதற்குக் காரணமாகலாம்.

3. நெடுந்தூரம் ஓடியும் முள் மேலே வராமல், ஹீட்டரும் இளஞ்சூடாகவே இருக்கிறது. தெர்மோஸ்டாட் திறந்தபடியே இறுகியிருக்கலாம். இதனால் என்ஜின் உடனே நின்றுவிடாது. ஆனால் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், என்ஜினும் விரைவில் தேயும்.

4. வாகனத்தினுள் இனிப்பு வாசனை, முன்கண்ணாடியின் உட்புறத்தில் பிசுபிசுப்பான படலம், கால் வைக்கும் இடத்தில் ஈரம். உள்ளே இருக்கும் சிறு ரேடியேட்டர் ஒழுகுகிறது. ஏசியிலிருந்து வடியும் நீருக்கு மணமோ பிசுபிசுப்போ இருக்காது. கூலன்ட் நஞ்சு, பிள்ளைகளையும் ஆடு மாடுகளையும் அதிலிருந்து விலக்கி வையுங்கள்.

5. டாஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம். குழாய்களுக்குள் காற்று புகுந்திருக்கிறது.

6. ஏசிக்கு எத்தனை முறை காஸ் நிரப்பினாலும் குளிர் போதாது. ஹீட்டரின் வால்வோ காற்றுக் கதவோ முழுதாக மூடாமல், சூடான காற்று கலந்துகொண்டிருக்கலாம். மறுபடியும் காஸுக்குப் பணம் கொடுக்கும் முன் இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தீவுப் பகுதிக் கிணற்றுநீர்

யாழ் குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புப் பாறை. தீவுகளில் பல கிணறுகள் உவர். அந்த நீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே சுண்ணாம்பு படியும், துருவும் பிடிக்கும். மெல்லிய குழாய்களைக் கொண்ட ஹீட்டர்தான் எளிதில் அடைபடும். என்ஜின் சூடான பின் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, அதற்குச் செல்லும் இரு குழாய்களையும் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்திருந்தால், அடைப்போ மூடிய வால்வோ காரணமாக இருக்கும். தயாரித்த கூலன்டையோ, பெற்றிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் கலந்த கூலன்டையோ மட்டும் பாவியுங்கள். அது கொதிநிலையை உயர்த்துவதோடு துருவையும் தடுக்கும்.

வழியில் சூடேறினால்

மரக்கறி ஏற்ற நுவரெலியா செல்லும் வியாபாரிகளுக்கு இது மிகவும் முக்கியம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்திற்கு ஏற வேண்டும். ஏற்றத்தில் முள் உயர்ந்தால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டிலும் காற்றாடியை முழு வேகத்திலும் வையுங்கள். என்ஜினின் வெப்பத்தில் ஒரு பகுதி அதன் வழியாக வெளியேறும். அந்த இடைவெளியில் பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்தி, என்ஜினை அணைத்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் கொதிநீர் முகத்திலும் கையிலும் பாயும். அரை மணி நேரமாவது பொறுத்திருங்கள்.

மறைத்து விற்க வேண்டாம்

ஒழுகும் ஹீட்டரைக் கழற்றாமல், இரு குழாய்களையும் ஒன்றாக இணைத்து அதை ஒதுக்கிவிடும் வழக்கம் கராஜ்களில் உண்டு. வெப்பமான ஊரில் தற்காலிகத்திற்கு அது போதும். ஆனால் வாகனத்தை விற்கும்போது வாங்குபவரிடம் அதைச் சொல்வது நமது கடமை. பொருளின் குறையை மறைத்து விற்பதை நமது மார்க்கம் அனுமதிப்பதில்லை. வாங்குபவரும் என்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு ஹீட்டரைப் போட்டுப் பார்த்த பின்பே விலை பேச வேண்டும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. வரியும் அதிகம். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, பல ஆண்டுகளின் பின் திரும்பி வந்து கடை திறந்த ஒரு சிறு வியாபாரிக்குப் பழைய வான் என்பது முதலீட்டின் பெரும் பங்கு. சூடேறி சிலிண்டர் ஹெட் வளைந்தால் அவர் இழப்பது திருத்தக் கூலி மட்டுமல்ல; படகு புறப்படும் நேரமும், காத்திருக்கும் வாடிக்கையாளரும் போய்விடுவார்கள்.

ஆகவே மாதம் ஒருமுறை, என்ஜின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் கூலன்ட் அளவைப் பாருங்கள். பின் ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் கழித்து ஹீட்டரைப் போடுங்கள். செலவில்லாத இந்தச் சோதனை, பெருஞ்செலவு ஒன்றைத் தடுக்கும், இன்ஷா அல்லாஹ்.