மழைக்குத் தப்பும் மண் மசூதி

மண் சுவர் வீட்டில் குடியிருந்தவர்களுக்கு மழைக்காலக் கவலை தெரியும். கூரை ஒழுகினால் பாத்திரம் வைக்கலாம். சுவரே கரைந்தால் என்ன செய்வது? இந்தக் கவலையை ஓர் ஊரே சேர்ந்து படுகிறது என்றால் நம்புவீர்களா? அதுவும் ஒரு மசூதிக்காக!

மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி தேசத்தில் ஜென்னே என்று ஓர் ஊர். அங்கே சந்தைத் திடலில் கம்பீரமாக நிற்கிறது, மண்ணாலேயே ஆன பெரிய பள்ளிவாசல். வெயிலில் காயவைத்த சுடாத செங்கல், மேலே களிமண் பூச்சு, அவ்வளவுதான். பழைய மசூதி இடிந்து பாழான பிறகு, 1907-ல் இஸ்மாயிலா திராவோரே என்ற பெரிய மேஸ்திரியின் தலைமையில் உள்ளூர்க் கொத்தனார்கள் இதைக் கட்டி முடித்தார்கள்.

முகப்பில் மூன்று கோபுரங்கள். உச்சியில் கலசம் இல்லை, தீக்கோழி முட்டை! சுவரெங்கும் பனங்கட்டைகள் முள்ளம்பன்றியின் முட்களைப் போல நீட்டிக்கொண்டிருக்கின்றன. அழகுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். பூச்சு வேலைக்காரர்கள் ஏறி நிற்பதற்கான சாரமே அதுதான். வருஷா வருஷம் சாரம் கட்டி அவிழ்ப்பானேன் என்று சுவரோடு வைத்தே கட்டிவிட்டார்கள். எவ்வளவு கெட்டிக்காரத்தனம்!

மழைக்கு முன்னால் ஒரு நாள் பூச்சுத் திருவிழா. தவிடு கலந்த களிமண் நாள்கணக்கில் ஊறுகிறது. அதை மிதிக்கும் வேலை சிறுவர்களுக்கு. மேலெல்லாம் சேறானாலும் அன்றைக்கு யாரும் திட்டுவதில்லை. பெண்கள் தண்ணீர் சுமக்கிறார்கள். முதல் கூடை மண்ணை யார் கொண்டுவருவது என்று வாலிபர்களிடையே ஓட்டப் பந்தயம்! கிழவர்கள் சந்தைத் திடலில் மரியாதையாக உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

“சிமெண்டைப் பூசினால் தொல்லை விட்டதே!” என்பீர்கள். சிமெண்டுக்குப் பின்னால் ஈரம் தங்கிவிடும். வெளியே தெரியாமல் உள்ளே மண் உதிரும். மண்ணுக்கு மண்தான் பொருத்தம். அதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2009 நவம்பரில் ஒரே நாளில் 75 மில்லிமீட்டர் மழை கொட்டவே, தெற்குக் கோபுரத்தின் மேல்பகுதி சரிந்து விழுந்தது. ஆகா கான் அறக்கட்டளையின் பண உதவியால் திரும்பக் கட்டினார்கள்.

1988-ல் யுனெஸ்கோ ஊர் முழுவதையுமே உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. பெருமைதான், ஆனால் வீட்டுத் தரைக்கு ஓடு பதிக்க ஆசைப்பட்டவர்களுக்கு அதுவே தடையாகிவிட்டது. மசூதிக்கு மண் பூச ஊரே ஓடி வருகிறது. தன் வீட்டுக்கு மண் பூச அவரவர்தானே கூலி கொடுக்க வேண்டும்? எனக்கென்னவோ அந்த வீட்டுக்காரர்கள் முணுமுணுப்பதில் தப்பு இருப்பதாகத் தோன்றவில்லை.