கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ்.: கழற்றும் கேபிள் அவசியமா?

பிள்ளைகளின் படிப்புக்காகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய, அனந்தபுரம் பகுதியிலிருந்து விழுப்புரம், திண்டிவனம் கடைகளுக்கோ சென்னை ரிச்சி தெருவுக்கோ போகிறோம். பிராசஸர், ரேம் பற்றியெல்லாம் விசாரித்துவிட்டுப் போகும் நாம், "எஸ்.எம்.பி.எஸ். மாடுலரா, நான்-மாடுலரா?" என்று கடைக்காரர் கேட்டதும் விழிக்கிறோம்.

வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றித் தருவதே எஸ்.எம்.பி.எஸ். அதன் கேபிள்கள் எல்லாம் பெட்டியோடு நிரந்தரமாக இணைந்திருந்தால் நான்-மாடுலர். எல்லாவற்றையும் கழற்றி மாட்ட முடிந்தால் மாடுலர். மதர்போர்டு, பிராசஸர் கேபிள்கள் மட்டும் நிலையாக இருந்து மற்றவை கழன்றால் செமி-மாடுலர்.

தேவையில்லாத கேபிளைக் கழற்றி வைத்தால் கேபினட்டுக்குள் இடம் கிடைக்கும். தூசு துடைப்பதும் சுலபம். சின்ன கேபினட்டுக்கு இது நல்ல உதவிதான். ஆனால் கேபிள் கழன்று வருவதற்கும் மின்சாரம் சீராக வருவதற்கும் சம்பந்தமே இல்லை. 80 பிளஸ் முத்திரையும் மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்கிறது. பட்ஜெட் அளவானதென்றால், ஓவர் வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பும் ஒழுங்கான வாரண்டியும் உள்ள நான்-மாடுலரே போதும் என்போம்.

மாடுலர் வாங்குவோர் அவசியம் அறிய வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. கேபிளில் ஹார்ட் டிஸ்க்கில் மாட்டும் முனை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான். எஸ்.எம்.பி.எஸ். பக்கத்து முனை அப்படியல்ல. எந்தத் துளையில் எத்தனை வோல்ட் என்பதற்குப் பொது விதி கிடையாது; ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களிலேயே மாறலாம். எஸ்.எம்.பி.எஸ். பழுதாகிப் புதியது வாங்குகிறோம். "கேபிள் ஏற்கெனவே மாட்டித்தானே இருக்கிறது" என்று பெட்டியை மட்டும் மாற்றுகிறோம். பழைய கேபிள் கச்சிதமாகப் பொருந்தியும் விடலாம். ஸ்விட்ச் போட்டதும் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் பாய்ந்தால் ஹார்ட் டிஸ்க் கருகிவிடும். நிக்காஹ் படங்களும், வீட்டுப் பத்திர நகல்களும், பிள்ளையின் ப்ராஜெக்டும் அதில்தானே இருக்கின்றன? டிஸ்க்கைப் புதிதாக வாங்கிவிடலாம். கருகியதிலிருந்து படங்களை மீட்பது கடினம், செலவும் அதிகம்.

எனவே எஸ்.எம்.பி.எஸ். மாற்றும்போது பழைய கேபிள்கள் அனைத்தையும் எடுத்துவிட்டு, புதியதோடு வந்தவற்றை மட்டுமே மாட்டுங்கள். மீதமுள்ளவற்றை ஒரு பையில் போட்டு, மேலே மாடல் பெயரை எழுதி வையுங்கள். பழைய மாடுலர் எஸ்.எம்.பி.எஸ். மலிவாகக் கிடைத்தாலும், அதற்குரிய கேபிள்கள் இல்லையென்றால் வாங்காதீர்கள். நான்-மாடுலரில் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. வீட்டில் ஆளாளுக்குக் கேபினட்டைத் திறப்பார்கள் என்றால் அதையே வாங்குங்கள்.