நிழற்படத்தில் மெய் காண்டல்

கண்ணாற் கண்டதும் பொய், காதாற் கேட்டதும் பொய், தீர விசாரித்து அறிவதே மெய் என்பது முதுமொழி. இரண்டாவது உலக மகாயுத்த காலத்து விமானங்களின் நிழற்படங்களை ஆராய்வோர்க்கு இதனினும் ஏற்ற அறிவுரை கிடையாது. படம் பொய் சொல்வதில்லை. அதன் கீழே பிறர் எழுதிவைத்த குறிப்பே பல வேளைகளிற் பொய்த்துவிடுகின்றது.

ஜேர்மனியின் மெசர்சிமிற் 109 என்னும் சண்டை விமானத்தை எடுத்துக்கொள்வோம். 1935ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பறந்த இவ்விமானம், 1945இல் யுத்தம் முடியுமுன் 33,000க்கு மேற்பட்ட தொகையிற் கட்டப்பட்டது. இடையிடையே திருத்தம் பெற்று, அது பல வகைகளாக விரிந்தது. எழுத்துக்களாற் குறிக்கப்பட்ட அவ்வகைகளை ஜேர்மானியர் எமில், பிரீட்ரிக், குஸ்தாவ் என ஆட்பெயரிட்டும் வழங்கினர்.

1940இல் பிரித்தானிய வானிற் போரிட்ட எமிலின் சிறகு நுனிகள் வெட்டிவிட்டாற்போல் நேராயிருக்கும். வாலின் கிடைச்சிறகை இரு முட்டுச் சட்டங்கள் தாங்கி நிற்கும். 1941இல் பரவலாக வந்த பிரீட்ரிக்கிலோ சிறகு நுனிகள் வளைந்தன. முட்டுச் சட்டங்கள் மறைந்தன. சிறகிலிருந்த துப்பாக்கிகளும் நீங்கின. அடுத்து வந்த குஸ்தாவ் தோற்றத்திற் பிரீட்ரிக்கின் உடன்பிறப்பே எனலாம். ஆயினும் விமானியின் முன்கண்ணாடிக்குக் கீழே பிரீட்ரிக்கிற் காணப்படும் சிறு முக்கோணக் கண்ணாடி குஸ்தாவில் இல்லை. 1943இல் 13 மில்லிமீற்றர்த் துப்பாக்கிகள் பொருத்தப்பட்டபோது, அவற்றுக்கு இடங்கொடுக்க மூக்கின் இருமருங்கும் புடைப்புக்கள் எழுந்தன.

இவற்றை மனனஞ் செய்தாற் போதுமோ? போதாது. எமில் வகையிற் பின்னர் வந்த கோணல் வடிவக் கண்ணாடிக் கூட்டை, முன்னர்க் கட்டிய விமானங்களுக்கும் மாற்றிப் பொருத்தினர். ஆகவே கூட்டை மட்டும் நோக்கி உள்வகையைத் துணிதல் கூடாது. ஓர் அடையாளத்துக்கு மற்றோர் அடையாளம் சான்றாதல் வேண்டும்.

நிறமும் நம்மை மயக்கும். அக்காலப் படச்சுருள்களில் ஒருவகை, சிவப்பொளியை உணராதது. அதில் மஞ்சள் இருண்டு பதியும். எல்லா நிறங்களையும் உணரும் மற்றொருவகையில் அதே மஞ்சள் வெளிறித் தோன்றும். ஜேர்மன் சண்டை விமானங்களிலே எண்ணின் நிறம் விமானத்தின் அணியைச் சுட்டுவது. நிறத்தைப் பிழையாக வாசிப்பவன் விமானியையே வேறோர் அணியிற் சேர்த்துவிடுவான்.

வட ஆபிரிக்காவிற் போரிட்ட ஹான்ஸ் யோவாகிம் மார்செய் இதற்குத் தக்க உதாரணம். 158 வெற்றிகள் அவர் கணக்கில் எழுதப்பட்டன. மஞ்சள் நிற 14 என்னும் எண் அவருடைய அடையாளமாயிற்று. ஒன்றன்பின் ஒன்றாக அவர் ஏறிய பல விமானங்கள் அவ்வெண்ணைத் தாங்கின. 1942 செப்ரெம்பர் 30ஆந் திகதி, எந்திரம் தீப்பற்றிப் புகை சூழ, அவர் வெளியே குதித்தார், வாற்பகுதி மோதியது, பரசூட் விரியவில்லை. அன்று அவர் செலுத்தியது புதிதாக வந்த குஸ்தாவ். ஆதலால், 14 என்ற எண்ணுடன் ஒரு விமானத்தின் படத்தைக் கண்டதும், “அவர் உயிர் துறந்த விமானம் இதுவே” என்று எழுதிவிடலாகாது. அம்முக்கோணக் கண்ணாடி படத்தில் தெரியுமாயின் அது பிரீட்ரிக். அவர் இறந்த விமானம் அன்று. சுக்கானில் வெற்றிகளைக் குறித்துத் தீட்டிய கோடுகளை எண்ணினாற் படத்தின் காலமும் ஓரளவு புலப்படும்.

நாஸி ஆட்சியின் போர்க்கருவிகளை இத்துணை நுணுகி நோக்குவதேன் என்று சிலர் வினவலாம். கருவியைப் போற்றுதற்கன்று. வாலிலே தீட்டிய தொழிற்சாலை இலக்கம் சிதைந்த விமானமொன்றின் படத்தில் தெளிவாகத் தெரிந்தால், ஜேர்மன் படையின் இழப்புப் பதிவேடுகளோடு அதனை ஒப்பிடலாம். விமானியின் பெயரும் வெளிப்படலாம். இலக்கம் அழிந்திருந்தால் விமானத்தின் வகையே தேடலைச் சுருக்கும் வழி. அங்கே ஒருவர் அவசரப்பட்டு எழுதும் குறிப்பு, இறந்தவன் ஒருவனுக்கு மற்றொருவனின் பெயரைச் சூட்டிவிடும். நூலுக்கு நூல் அப்பிழை தொடரும். சான்று போதாதவிடத்து “துணிய இயலவில்லை” என்று எழுதி நிறுத்துவதும் அறிவுடைமையே.