பதினோரு வயதுக்கு ஒரு பஸ் கார்டு

செப்டம்பர் முதல் வாரம் ஹாரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் பஸ் நிறுத்தங்களில் புது பிளேசர்கள் நிற்கும். மேல்நிலைப் பள்ளிக்குப் போகத் தொடங்கும் பதினோரு வயதுக்காரர்கள். ரெண்டு வருஷம் வளரட்டும் என்று பெரிதாக வாங்கியதால் கை, விரல் நுனிவரை தொங்கும். 11 முதல் 15 வயதுவரை ‘ஜிப் ஆய்ஸ்டர்’ கார்டு இருந்தால் லண்டன் பஸ்ஸில் காசு கிடையாது. தனியாகப் போய் வா என்று நகரமே சொல்லிவிட்டது. நம் தமிழ் வீடுகளில்தான் அந்தக் கார்டு இழுப்பறையில் கிடக்கிறது. காலையில் அப்பாவின் கார், மாலையில் அம்மாவின் கார், அங்கிருந்து நேரே டியூஷன்.

பஸ்ஸில் அனுப்பினாலும் முழுதாக அனுப்புவதில்லை. “தம்பி, ஏறிட்டியே? இருக்க இடம் கிடைச்சதே?” என்று போன் அடிக்கிறது. வேலையிடத்தில் இருந்தபடி திரையில் நகரும் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. நிறுத்தத்தைத் தவறவிட்டவன் அடுத்ததில் இறங்கி, எந்தப் பக்கம் நடப்பது என்று தானே யோசிப்பதற்குள் மூன்று அழைப்பு வந்துவிடுகிறது.

இதைச் செல்லம் என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது. எண்பதுகளில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவர்களுக்கு, வெளியே போன பிள்ளை நேரத்துக்குத் திரும்பாவிட்டால் வயிற்றில் என்ன செய்யும் என்று தெரியும். சுற்றிவளைப்பையும் சோதனைச் சாவடியையும் கண்ட பயம் அது. வெம்ப்ளிக்கு வந்தும் போகவில்லை. வேடிக்கை என்னவென்றால், அவர்களில் பலர் பதினேழு, பதினெட்டு வயதில் ஏஜென்ட்டை நம்பித் தனியாகவே கடல் தாண்டியவர்கள்.

வெள்ளைக்காரர்களும் நமக்குச் சளைத்தவர்கள் அல்லர். 1971-ல் இங்கிலாந்தில் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குப் போனார்கள். 1990-ல் அது 9 சதவீதம். இதைக் கண்டறிந்த ஆய்வாளர் மேயர் ஹில்மனின் குழு இன்னொன்றும் சொன்னது: சாலை விபத்தில் சாகும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்ததற்குச் சாலை திருந்தியது காரணமல்ல, பிள்ளைகளைச் சாலையிலிருந்தே எடுத்துவிட்டோம். எந்த வயதில் பிள்ளை தனியே போகலாம் என்று பிரிட்டிஷ் சட்டம் வரையறுக்கவில்லை. ஆனாலும் 2010-ல் டல்விச்சில் இரண்டு சிறுபிள்ளைகள் தாமாகச் சைக்கிளில் பள்ளிக்குப் போனது நாடு தழுவிய சர்ச்சையானது. அன்றைய லண்டன் மேயர் போரிஸ் ஜான்சன் பெற்றோர் பக்கம் பேசினார். அவர் சொன்னதில் எனக்கு உடன்பாடான வெகு சிலவற்றில் அது ஒன்று.

போர் கண்டவர்கள் பிள்ளையைப் பொத்தித்தான் வளர்ப்பார்கள் என்பதும் சரியல்ல. 1946-ல், ஜெர்மன் குண்டுகள் நின்று ஓராண்டே ஆகியிருந்தபோது, தோட்ட வடிவமைப்பாளர் லேடி ஆலன் டென்மார்க்கின் எம்ட்ரப்பில் ஒரு மைதானம் பார்த்தார். ஊஞ்சல் இல்லை, சறுக்கு இல்லை. பழைய பலகை, செங்கல், கருவிகள். பிள்ளைகள் தாமே கட்டி, தாமே இடித்தார்கள். குண்டு விழுந்த லண்டன் மனைகளை இப்படி ஆக்கலாமே என்று ஊர் திரும்பி எழுதினார். 1948-ல் கேம்பர்வெல்லில் ஒன்று வந்தது. 1955-ல் லாம்பெத்தில், குண்டில் அழிந்த பள்ளியின் மனையிலேயே லாலார்ட் மைதானம். கையில் சுத்தியல், ஆணி, ரம்பம். சில இடங்களில் நெருப்பு மூட்டவும் விட்டார்கள். பொறுப்பாளர் ஒருவர் கண்ணில் படும் தூரத்தில் நிற்பார், கூப்பிட்டால் வருவார்.

கிழக்கு லண்டன் ஷாட்வெல்லின் கிளாமிஸ் மைதானம் அந்த வழியில் வந்ததுதான். நம் பிள்ளைகளுக்கு அங்கே போக நேரம் வேண்டுமே. சனிக்கிழமை காலையில் தமிழ்ப் பள்ளி, மதியம் பரதம், மாலையில் லெவன் பிளஸ் தேர்வு வகுப்பு. மிஞ்சுவது ஞாயிறு, அன்றைக்கும் யாருக்காவது பிறந்தநாள் விழா இருக்கும்.