உணவும் மூச்சும் உரிய காலத்தில்

தொண்டைமானாற்றங்கரையில் எழுந்தருளியுள்ள செல்வச்சந்நிதி முருகனை அன்னதானக் கந்தன் என்று அன்பர்கள் அழைப்பர். பசித்தோர்க்கு அன்னமிடுதலையே வழிபாடாகக் கொண்ட ஊர் நமது ஊர். ஆயின், பசி இருந்தும், இலையிற் சோறு இருந்தும், அதனை விழுங்க இயலாத நிலை சிலர்க்கு வந்துறுவதுண்டு. அந்நிலையை உண்டாக்கும் நோய்களுள் ஒன்று இயக்க நரம்புக்கல நோய். மோட்டார் நியூரோன் நோய் என்று வைத்தியர்கள் கூறுவதும் இதனையே.

தசைகளை இயக்கும் கட்டளைகளை மூளையிலிருந்தும் முண்ணாணிலிருந்தும் கொண்டு செல்லும் நரம்புக்கலங்கள் படிப்படியாக அழிவதே இந்நோய். பிரான்சு தேசத்து வைத்தியரான ஷார்க்கோ 1869 ஆம் ஆண்டில் இதனைத் தெளிவுற விளக்கினார். கையிலோ, காலிலோ, நாவிலோ தொடங்கும் மெலிவு, காலப்போக்கில் விழுங்கும் தசைகளையும் மூச்சுத் தசைகளையும் பற்றுகின்றது. எல்லார்க்கும் ஒரே வேகத்தில் அது பரவுவதில்லை. இளவயதிலே தொடங்கி, செவிப்புலனையும் குறைத்து, மெல்லவே முதிரும் ஒரு வகையைச் சென்னை வைத்தியர்களான மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், இராமமூர்த்தி ஆகியோர் 1970 இல் எடுத்துரைத்தனர். அவ்வகை இன்றும் மெட்ராஸ் வகை என்றே வழங்குகின்றது.

இந்நோயை முற்றாக நீக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆதலின், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என வீட்டார் கைசோர்ந்து விடுகின்றனர். அஃது உண்மையன்று. உணவையும் மூச்சையும் உரிய காலத்திற் பேணினால், நோயாளியின் நாட்கள் நீள்வதும் துன்பம் தணிவதும் கூடும்.

முதலில் உணவைக் கொள்வோம். அசைவு குறைந்தவர்க்கு உணவும் குறைவாகவே போதும் என எண்ணுதல் இயல்பு. ஆனால் இந்நோயாளருட் பலரின் உடல், ஓய்ந்திருக்கும் போதும் வழமையிலும் மிகுதியான சக்தியைச் செலவிடுகின்றது. உடல் நிறை விரைந்து குறைவோரின் ஆயுளும் விரைந்து குறைவதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். எனவே மாதந்தோறும் நிறை பார்த்துக் குறித்து வைத்தல் வேண்டும். விரத நாட்களிலும் நோயாளி உண்ணவேண்டும்; நோயுற்றார்க்கு விலக்களிப்பது நம் மரபே.

விழுங்குவது கடினமாகும்போது, நீர்தான் எளிது என்று நாம் நினைப்போம். உண்மை இதற்கு மாறானது. தண்ணீரும் சொதியும் விரைந்தோடி மூச்சுக்குழாயிற் புகக்கூடும். உதிர்ந்த பிட்டும் அவ்வாறே புரைக்கேறும். நமது ஒடியற்கூழ் தடிப்பாயினும், அதில் மிதக்கும் மீன் துண்டும் பயிற்றங்காயும் தொண்டையைத் தடுமாறச் செய்யும். ஒரே பதமாக மசித்த சோறு, முட்டை, பருப்பு, கதலிப்பழம் என்பன பலர்க்கு ஏற்றவை. தேங்காய்ப்பாலும் நெய்யும் சிறிய அளவிற் பெரும் சக்தியைத் தருவன. எனினும் எப்பதம் எவர்க்குத் தகும் என்பதை விழுங்கும் திறனைச் சோதிப்பவரே கூறவேண்டும். நிமிர்ந்திருந்து, பேசாது, சிறிது சிறிதாக உண்பது நன்று.

வாயுணவு போதாதவிடத்து, வயிற்றுச் சுவரினூடாக இரைப்பைக்கு ஒரு குழாய் அமைப்பர். அதன் பின்னரும் இயன்றவரை வாயாற் சுவைக்கலாம். மூச்சு வலுவுடன் இருக்கும்போதே இதனைச் செய்வது பாதுகாப்பானது; மூச்சின் கொள்ளளவு பாதியாகக் குறையுமுன் செய்வது நலம் என்பது வைத்தியர் பலரின் வழக்கம்.

மூச்சின் தளர்ச்சியோ ஓசையின்றி, உறக்கத்திலேயே தொடங்குகின்றது. பிரிமென்றகடு மெலிந்தால் இரவில் காபனீரொட்சைட்டு உடலில் தேங்கும். காலைத் தலையிடி, குலைந்த தூக்கம், பகலில் அயர்ச்சி, மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறல் ஆகியன அதன் அறிகுறிகள். இவற்றை முதுமை என்றோ மனச்சோர்வு என்றோ தள்ளிவிடலாகாது. ஒட்சிசன் மட்டும் கொடுத்தால் தீரும் என்பதும் தவறு. சிலரில் அது தேக்கத்தை மிகுவிக்கும். வேண்டியது, முகமூடி வழியாகக் காற்றை உந்தும் கருவி. இங்கிலாந்தின் நியூகாசிலில் 41 நோயாளரைக் கொண்டு செய்து 2006 இல் வெளியான ஆய்வில், விழுங்கும் தசைகள் பெரிதும் கெடாதோர் இக்கருவியால் ஏறத்தாழ ஏழு மாதம் கூடுதலாக வாழ்ந்தனர். அத்தசைகள் மிகக் கெட்டோர்க்கு ஆயுள் கூடாவிடினும் உறக்கத் துன்பம் தணிந்தது. மின்தடைக்கு மாற்று ஏற்பாடும் அவசியம்.

விஞ்ஞானி ஸ்டீவன் ஹோக்கிங்கிற்கு இந்நோய் 1963 இல், தமது 21 ஆம் வயதில், கண்டறியப்பட்டது. 1985 இல் நியூமோனியா கண்டு உணர்விழந்து கிடந்தபோது, கருவியை நிறுத்தலாமா என வைத்தியர் வினவினர். மனைவி ஜேன் மறுத்தார். 2018 வரை அவர் வாழ்ந்தார். அத்துணை நீண்ட வாழ்வு மிக அரிது. ஆயினும் நாம் கருதவேண்டியது வேறு: உயிர் ஊசலாடும் இரவில், நோயாளி பேச இயலாதபோது, அத்தகைய முடிவு ஒரு மனைவியின் தலையில் விழலாமா?

குழாயை ஏற்பதும் முகமூடியை அணிவதும் தோல்வியல்ல. அவற்றை வேண்டாமென்னும் உரிமையும் நோயாளிக்குண்டு. ஏற்பதாயினும் மறுப்பதாயினும், அவர் தம் வாயாலேயே சொல்லக்கூடிய காலத்தில் அதனைக் கேட்டறிதல் வேண்டும். நாக் குழறுமுன் நாம் கேட்போமாக.