தீவன மக்காச்சோளமும் நிழலில் வளரும் பயறும்

2019ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 12ஆம் நாள், ஐம்பது வேகன்களில் இருபத்தைந்து லட்சம் லிட்டர் குடிநீரைச் சுமந்துகொண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு தொடர்வண்டி சென்னைக்குப் புறப்பட்டது. அந்நீர் காவிரியிலிருந்து குழாய் வழியே வந்த நீர். ஊரைச் சுற்றியுள்ள வயல்களோ வானத்தையும் கிணற்றையுமே நம்பியிருப்பவை. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் இங்கே எட்டிப்பார்க்கின்றன. எனினும் தைக்குப் பின் மண் காயத் தொடங்கிவிடும். அக்காலத்தில் இரண்டு கறவை மாடுகளை வைத்திருக்கும் குடும்பத்தின் முதற்கவலை பசுந்தீவனமே.

அக்கவலைக்குப் பலர் கண்ட விடை தீவன மக்காச்சோளம். இளஞ்சோளப் பயிரில் ஒரு நஞ்சு உண்டு. பூக்கும் முன் அதனை மேய்ந்த மாடு சில நிமிடங்களில் சாய்ந்துவிடவும் கூடும். மக்காச்சோளத்தில் அவ்வச்சம் இல்லை. ‘ஆப்பிரிக்கன் டால்’ என்னும் தீவன வகை ஆளுயரத்திற்கு மேல் வளர்ந்து, எக்டேருக்கு 40 முதல் 50 டன் வரை பசுந்தீவனம் தரவல்லது. கதிர் பால் பிடிக்கும் பருவத்தில், ஏறத்தாழ அறுபது நாளில், அடியோடு அறுத்துவிடுவர்.

வெறுமையாகும் நிலம்

தானியத்திற்காக வளர்த்த மக்காச்சோளத்தில் கதிர் மட்டும் வீட்டுக்கு வரும்; தட்டையும் தோகையும் வயலில் கிடந்து மண்ணுக்குப் போர்வையாகும். தீவனத்திற்காக வளர்த்தாலோ தட்டு, தோகை, கதிர் அனைத்தும் மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடும். எஞ்சுவது வரிசை வரிசையான அடிக்கட்டைகளும் வெற்று மண்ணுமே. அதன்மேல் விழும் முதல் கோடைமழையின் துளி ஒவ்வொன்றும் மண்துகளைத் தெறிக்கவைக்கும். மேல்மண் ஓடைக்குச் செல்லும். சத்து மிக்க மண்ணும் அந்த மேல்மண்ணே.

அமெரிக்காவிலும் கனடாவிலும் பால்பண்ணைக்காரர்கள் இதே இடரை எதிர்கொண்டனர். நின்றுகொண்டிருக்கும் மக்காச்சோளத்தின் வரிசைகளுக்கிடையே குளோவர் போன்ற பயறினச் செடிகளையும் புல்லையும் விதைத்தனர். சோளம் அறுபட்டபின் அவை நிலத்தை மூடிக் காத்தன. இம்முறையின் நுட்பம் விதைக்கும் காலத்தில்தான் இருக்கிறது. மிக முந்தி விதைத்தால் சோளத்தின் நீருக்கும் உரத்துக்கும் இளஞ்செடி போட்டியாகும்; பிந்தினால் சோளத்தோகையின் அடர்நிழலில் முளைத்தவை வெளிறி மடியும். ஆகவே சோளம் நான்கைந்து இலை விட்ட பிறகு, தோகைகள் கூடிக்கொள்வதற்கு முன், ஒரு சிறிய இடைவெளியைப் பிடிக்கின்றனர்.

கடும்பனி பெய்யும் நாட்டு முறையை அப்படியே கொண்டுவந்து ஏலகிரி அடிவாரத்தில் நட்டுவிட முடியாது. இங்கே குறைவாக இருப்பது வெயிலன்று, நீர். ஆயினும் கருத்து நமக்குப் புதிதும் அன்று. கேழ்வரகுக்கு இடையே மொச்சையைச் சால் விட்டு விதைப்பது இப்பகுதியின் பழைய வழக்கம்.

மூன்று வரிசைக்கு ஒன்று

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பது இது: மூன்று வரிசை தீவன மக்காச்சோளம், ஒரு வரிசை தீவனத் தட்டைப்பயறு. இவ்வட்டாரத்தார் தட்டைப்பயற்றைக் காராமணி என்பர். வரிசைக்கு வரிசை 30 செ.மீ.; சோளத்திற்குச் செடிக்குச் செடி 15 செ.மீ. இரண்டையும் ஒரே நாளில் விதைத்து ஒருசேர அறுக்கலாம். பயற்று விதையை ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்த ரைசோபியம் நுண்ணுயிர் உரத்துடன் கலந்து, நிழலில் உலர்த்தி விதைப்பது நன்று.

காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன் உண்டு. ஆனால் எப்பயிராலும் அதனை நேரே எடுத்துக்கொள்ள இயலாது. பயறின வேர்முடிச்சுகளில் குடியிருக்கும் ரைசோபியம் அதனைப் பயிர் ஏற்கும் வடிவாக்கித் தருகிறது. மாற்றாகச் செடியிடம் சர்க்கரை பெறுகிறது. முடிச்சைப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தெரிந்தால் பணி நடக்கிறது என்று பொருள். ஒரு செடியைப் பிடுங்கி மாணவர் எவரும் இதனைச் சோதிக்கலாம்.

பயன் மாட்டுக்கும் உண்டு. மக்காச்சோளத் தீவனத்தில் மாவுச்சத்து மிகுதி, புரதம் குறைவு. தட்டைப்பயற்றில் புரதம் ஏறத்தாழ இருமடங்கு. இரண்டையும் நறுக்கிக் கலந்து போட்டால் பிண்ணாக்கிற்கும் கலப்புத் தீவனத்திற்கும் செய்யும் செலவு ஓரளவு குறையும். பயற்றை மட்டும் வயிறு நிறையத் தின்ற மாட்டுக்கு உப்புசம் வரும்; சோளம் கலந்திருப்பதே அதற்குக் காப்பு. ஊறுகாய்ப் புல்லாகக் குழியில் பதப்படுத்தும்போதும், பயற்றில் இல்லாத சர்க்கரையைச் சோளம் ஈடுசெய்து நன்கு புளிக்க வைக்கிறது.

மண்ணுக்கா, மாட்டுக்கா?

பயறு விதைத்தாலே நிலம் வளமாகிவிடும் என்று மேடைகளில் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். பயறு சேர்த்த நைட்ரஜனில் பெரும்பகுதி இலையிலும் தண்டிலும் இருக்கிறது. சோளத்தோடு அதனையும் அறுத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோனால் மண்ணுக்கு எஞ்சுவது வேர் மட்டுமே. அச்சத்து சாணமாகத் திரும்பி வயலுக்கு வந்தால் கணக்கு நேராகும். வரட்டியாகி அடுப்பில் எரிந்தால் நேராகாது. மண்ணை மூட விரும்புவோர் தீவனம் அறுத்த கையோடு, ஈரம் இருக்கும்போதே, வடகிழக்குப் பருவமழையின் இறுதியில் கொள்ளு விதைக்கலாம். சிறுமழைக்கும் பனிக்கும் தாங்கி நிலத்தில் படரும் பயிர் அது.

ஜோலார்பேட்டைக்கு வடகிழக்கே வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதிகளில் இன்னொரு தடை உண்டு. தோல் தொழிற்சாலைக் கழிவால் இத்தோல்வட்டாரத்தில் சுமார் 35,000 எக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு உதவாமற்போனதாக, வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வை எடுத்துக்காட்டி உச்சநீதிமன்றம் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில் குறிப்பிட்டது. நிலம் மூடியிருந்தால் ஆவியாதல் குறையும். அடியிலிருந்து உப்பு மேலேறுவதும் தணியும். ஆனால் படிந்த உப்பையும் குரோமியத்தையும் எப்பயறும் விழுங்கிவிடாது. உவர் மிகுந்தால் செடி நிற்கும்போதே வேர்முடிச்சு உருவாவது தடைப்படும். அத்தகைய நிலத்தில் முதலில் மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதித்துப் பார்த்தபின் விதைப்பதே முறை.

2018ஆம் ஆண்டு கர்நாடகத்தில் முதன்முதலாகக் காணப்பட்ட படைப்புழு அவ்வாண்டிலேயே தமிழகத்து மக்காச்சோள வயல்களிலும் புகுந்தது. தனிப்பயிராக நின்ற வயலில் குருத்துக்குக் குருத்து தாவிய அப்புழுவுக்கு இடையே நின்ற பயறு ஓரளவு தடையானது; பயற்றுப் பூவுக்கு வரும் பொறிவண்டும் குளவியும் புழுவின் பகைவர்கள். அதனால் உளுந்தையோ பாசிப்பயற்றையோ ஊடுபயிராக்குமாறு வேளாண் அலுவலர்கள் அறிவுறுத்தினர். மாட்டுக்காகத் தட்டைப்பயறு விதைத்தவர் வயலில் அவ்வேலி முன்னரே நின்றிருந்தது.