ஊன்றுகோலின் பிடியை நாமே மாற்றலாம்

வில்கமுவவில் இரவில் யானை வெடி கேட்டால் வீட்டிலுள்ள எல்லோரும் எழும்பி முற்றத்துக்கு ஓடுவார்கள். நான் முதலில் ஊன்றுகோலைத் தேடவேண்டும். 2009 இல் முள்ளிவாய்க்காலில் எனது இடது கால் போனது. பகலில் பொய்க்கால் போடுகிறேன். இரவில் அதைக் கழற்றி வைத்த பிறகு ஊன்றுகோல்தான் கால்.

கடந்த மாரியில் ஒருநாள் அப்படி அவசரமாக எழும்பியபோது பிடியிலிருந்த இறப்பர் குழாயைச் சுற்றிச் சுழன்றது. விழுந்துவிட்டேன். வெட்டிய காலின் நுனி சீமெந்துத் தரையில் அடிபட்டு, மூன்று கிழமை பொய்க்கால் போட முடியவில்லை. வேலையும் இல்லை, கூலியும் இல்லை. ஊன்றுகோலை இலவசமாகத்தான் தந்தார்கள். பிடியும் அடி இறப்பரும் தேயும், அவற்றை மாற்றவேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

சொன்னவர் அத்தானின் தம்பி. அவர் திகன பக்கம், விக்டோரியா நீர்த்தேக்கக் கரையிலுள்ள கோல்ப் மைதானத்தில் ஆட்டக்காரர்களின் மட்டைப் பைகளைச் சுமப்பவர். எங்களுடைய ஊரைத் தொட்டு ஓடும் அதே மகாவலிதான் அங்கேயும். கோல்ப் மட்டையின் பிடியும் ஓர் இறப்பர் உறைதான். வியர்வையிலும் வெயிலிலும் அது இறுகி வழுக்கத் தொடங்கும். கையில் சுழன்றால் பந்து திசைமாறிப் போகும். எங்களுக்குச் சுழன்றால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லிவிட்டேன்.

அவர் மாற்றும் முறை இதுதான். பழைய உறையைக் கூரிய கத்தியால் நீளவாக்கில் கீறி உரிப்பார். கத்தி எப்போதும் உடம்புக்கு எதிர்ப்பக்கமாகவே போகவேண்டும். உள்ளேயுள்ள பழைய பசையை முழுவதும் சுரண்டித் துடைத்துவிட்டு, இருபக்கமும் ஒட்டும் ரேப்பைக் குழாயில் சுற்றுவார். புதிய உறையின் நுனித் துளையை விரலால் பொத்திக்கொண்டு, உள்ளே கொஞ்சம் டர்பன்டைன் விட்டுக் குலுக்கி, அதையே ரேப்பின் மேல் ஊற்றுவார். ஈரம் இருக்கும்வரை பசை பிடிக்காது, உறை வழுக்கிக்கொண்டு ஏறும்.

“ஒரே தள்ளுல ஏத்திரணும் அண்ணே. நடுவுல நிறுத்துனா அங்கேயே பிடிச்சுக்கும்” என்றார்.

எனக்கு முதல்முறை நடுவில்தான் நின்றது. கீறி எடுத்து எறியவேண்டியதாயிற்று.

முழங்கையைப் பற்றும் வளையமுள்ள ஊன்றுகோல்களில், கைபிடிக் குழாயின் மேல் உறை தனியாக ஏற்றப்பட்டிருந்தால் இந்த முறை அப்படியே பொருந்தும். சைக்கிள் கடையில் விற்கும் ஹாண்டில் பிடி போதும். சைக்கிள் ஹாண்டிலின் தடிப்பு சுமார் 22 மில்லிமீற்றர். வாங்குமுன் உங்கள் குழாயை அளந்து பாருங்கள். குழாய் சற்று மெல்லியதாக இருந்தால் ரேப்பை இன்னொரு சுற்றுச் சுற்றலாம். கோல்ப் ஆடுபவர்களும் பெரிய கைகளுக்கு அப்படித்தான் செய்கிறார்கள். கக்கத்தில் வைக்கும் ஊன்றுகோலில் இது தேவையில்லை. ஆணியையும் சிறகு நட்டையும் கழற்றினால் பிடி தானாக வெளியே வரும். பஞ்சு போன்ற பிடிகளுக்கு டர்பன்டைன் பாவிக்கவேண்டாம், அவை கெட்டுவிடலாம்.

டர்பன்டைன் தீப்பிடிக்கும். எங்களுடையது விறகடுப்பு வீடு, அதனால் முற்றத்தில் வைத்துத்தான் செய்கிறேன். ஏற்றிய பிறகு ஒரு முழு நாள் ஊன்றுகோலைத் தொடக்கூடாது. பின்னர் கட்டிலில் இருந்தபடியே இரண்டு கைகளாலும் முறுக்கிப் பாருங்கள். சிறிதளவு அசைந்தாலும் அதில் பாரம் கொடுக்கவேண்டாம். சவர்க்காரத் தண்ணீர் போட்டு ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். சவர்க்காரம் உள்ளேயே தங்கும், வியர்வை பட்டதும் மறுபடி வழுக்கும்.

பிடியைவிட ஆபத்தானது அடி இறப்பர். அதன் வரிகள் தேய்ந்து மொட்டையாகிவிட்டால் நனைந்த தரையில் நிற்காது. ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தேய்ந்தாலும் மாற்றவேண்டியதுதான். வாங்கும்போது உள்ளே இரும்பு வொஷர் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். அது இல்லாவிட்டால் குழாயின் விளிம்பு இறப்பரை வெட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். பசை தேவையில்லை, முறுக்கி அழுத்தினால் இறுகும். இரண்டு ஊன்றுகோல்களுக்கும் ஒரே நாளில் மாற்றுங்கள். செருப்புத் துண்டை ஆணியடித்து வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆணித்தலை வெளியே வந்தபின் அது பனிக்கட்டியில் நடப்பதுபோலத்தான்.

குழாயில் வெடிப்பிருந்தாலோ உயரத்தைப் பூட்டும் குமிழ் தளர்ந்திருந்தாலோ வீட்டில் ஒன்றும் செய்யாதீர்கள். யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கும் ஜெய்ப்பூர் நிலையம் போன்ற இடங்களில் காட்டவேண்டும். உயரத்தை மட்டும் நாமே பார்த்துக்கொள்ளலாம். கையைத் தொங்கவிட்டு நின்றால் பிடி மணிக்கட்டு மடிப்பின் மட்டத்தில் இருக்கவேண்டும். கக்கத்துக்கும் கட்டைக்கும் இடையே இரண்டு, மூன்று விரல் இடைவெளி வேண்டும். கக்கத்தில் பாரம் கொடுத்தால் நரம்பு நசிந்து கை மரத்துப்போகும்.

பக்கத்து வளவில் இருப்பவருக்கும் ஒரு கால் இல்லை. அவர் இராணுவத்தில் இருந்தவர். நான் முற்றத்தில் ரேப் சுற்றுவதை இரண்டு நாள் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் தன்னுடையதைக் கொண்டுவந்தார். போரைப்பற்றி நாங்கள் கதைக்கவில்லை. அவருடைய குழாய் 19 மில்லிமீற்றர். என்னிடமிருந்த அடி இறப்பர் 22. ஹெட்டிபொல கடையில் அந்த அளவு இல்லை, மாத்தளைக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிட்டிருக்கிறேன்.